மாற்றத்தைத் தாங்க: ஒருநாள் பயிலரங்கா, வாராவாரம் அரை மணி நேரமா?

புது மென்பொருள், புது மேலாளர், பிரிவுகள் இணைப்பு என்று ஏதாவது வந்தால், ஊழியர்களைத் தயார்ப்படுத்த ஒருநாள் பயிலரங்கு வைப்பதா, மேலாளர் வாராவாரம் அரை மணி நேரம் குழுவோடு உட்கார்ந்து பேசுவதா என்ற குழப்பம் வந்துவிடும்.

செலவு: பயிலரங்குக்குப் பயிற்சியாளர் கட்டணம், ஒரு நாள் வேலை இழப்பு. வாராந்திரப் பேச்சுக்கு மேலாளரின் பொறுமைதான் செலவு. (அது எல்லாரிடமும் இருக்காது.)

நிலைப்பு: இங்கேதான் பயிலரங்கு சறுக்குகிறது. திரும்பப் பார்க்காத பாடம் வேகமாக மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டிவிட்டார். வாராந்திரப் பேச்சில் அந்த வாரச் சிக்கலே பாடம். அமெரிக்க ராணுவம் 1970-களில் உருவாக்கிய கேள்விகளைக் கடன் வாங்கலாம்: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம்? யார் தப்பு என்ற கேள்வி இதில் இல்லை. அதனால்தான் ஆட்கள் வாயைத் திறக்கிறார்கள்.

எளிமை: பயிலரங்குக்குத் தேதி குறித்தால் போதும். வாராந்திரப் பேச்சு நாலாவது வாரமே நின்றுபோகலாம்.

சரி, எது யாருக்கு? எல்லாரும் ஒரே தகவலை ஒரே நாளில் கேட்க வேண்டிய தொடக்கத்துக்குப் பயிலரங்கு. மாதக்கணக்கில் இழுக்கும் மாற்றத்துக்கு வாராந்திரப் பேச்சு. ஆட்குறைப்பு வரப்போகிறதென்றால் இரண்டையும் தள்ளிவையுங்கள். முதலில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.