‘கூகுளில் முதல் இடம்’ என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கை: எங்கள் சுங்குடிக் கடைக்கு நடந்தது

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சுங்குடிச் சேலை விற்று வருகிறது. சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு, கடையின் இணையதளத்துக்குக் கட்டுரைகள் எழுதித் தருவதாகச் சொல்லி வந்த ஒரு நிறுவனத்துக்கு மாதம் 12,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் கொடுத்து ஏமாந்தோம். அதே ஆட்கள் இப்போது விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளிலும் ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் கொடுத்த முதல் வாக்குறுதியே என்னை எச்சரித்திருக்க வேண்டும். மூன்றே மாதத்தில் கூகுளில் முதல் இடம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். தேடலில் முதல் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருப்பதை நான் பணம் கொடுத்த பிறகுதான் படித்தேன்.

ஆறு மாதத்தில் நாற்பது கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்றின் தொடக்கத்தை அப்படியே தருகிறேன்: “மதுரை சுங்குடி சேலை வாங்க வேண்டுமா? மதுரை சுங்குடி சேலை பிரியர்கள் விரும்பும் மதுரை சுங்குடி சேலை கடை எங்கள் மதுரை சுங்குடி சேலை கடை.” ஐந்நூறு சொல் கொண்ட கட்டுரையில் ‘மதுரை சுங்குடி சேலை’ என்ற அந்தக் கீவேர்டு, அதாவது தேடுகிறவர் தட்டும் சொல், இருபத்தைந்து முறை வந்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ‘சேலையின்’, ‘சேலைக்கு’, ‘சேலையில்’ என்று நான் திருத்தி அனுப்பியபோது, “சார், உருபு சேர்த்தா கீவேர்டு மாறிடும், கவுண்ட் வராது” என்று சொல்லி அந்த நிறுவனத்துத் தம்பி பழையபடியே ஏற்றிவிட்டார். வேற்றுமை உருபு இல்லாமல் தமிழ் எப்படி நிற்கும் என்று நான் அப்போதே உறுதியாகக் கேட்டிருக்க வேண்டும்.

இத்தனை விழுக்காடு கீவேர்டு இருந்தால்தான் பக்கம் மேலே வரும் என்று கூகுள் எங்கும் விதிக்கவில்லை. சொல்லைத் திணிப்பதைத் தேடலை ஏமாற்றும் வேலைகளுக்கு எதிரான தன் ஸ்பாம் விதிகளில் குற்றமாகவே வைத்திருக்கிறது. 2011இல் வந்த பாண்டா, 2012இல் வந்த பெங்குயின் ஆகிய கூகுள் தேடல்முறை மாற்றங்கள் இத்தகைய தரமற்ற பக்கங்களைக் கீழே தள்ளுவதற்காகவே கொண்டுவரப்பட்டவை. பக்கத்தின் நிரலில் கீவேர்டுப் பட்டியல் எழுதித் தருவதற்கு எங்களிடம் தனிக் கட்டணமும் வாங்கினார்கள். தரவரிசைக்கு அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் அறிவித்தது 2009இல்.

அப்பாவை வருத்தியது வேறொன்று. சுங்குடியின் புள்ளி தறியில் நெய்யும்போதே விழுகிறது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்ப்பதால் வருவது அந்தப் புள்ளி. கைபேசியில் அதை வாசித்துவிட்டு அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம கடைப் பேர்லயா போட்டிருக்கு? முடிச்சுப் போடுற அம்மா யாராவது படிச்சா என்னப்பா நினைப்பாங்க?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் மாதம் வந்து, பாருங்கள் முதல் இடம் என்று திரையில் காட்டினார்கள். தேடியிருந்த சொல் எங்கள் கடையின் முழுப் பெயர். கடைப் பெயரைத் தட்டினால் கடைதான் முதலில் வரும். அதற்குக் கட்டுரை எதற்கு? கடையைப் பற்றி எதுவுமே அறியாதவர் எந்தச் சொல்லைத் தட்டுவார் என்பதுதான் கேள்வி.

ஒருநாள் பக்கத்தின் அடியில் காரணமில்லாமல் நீண்ட வெற்றிடம் இருப்பதைக் கவனித்து மவுஸால் இழுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றுடனும் ‘சுங்குடி சேலை’ ஒட்டிக்கொண்டு வரிவரியாக நின்றன. தளம் தேடலில் எப்படி வருகிறது என்று அதன் உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் சர்ச் கன்சோல் என்ற கருவியையும் அவர்கள் தங்கள் கணக்கிலேயே வைத்திருந்தார்கள். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, எங்கள் பெயரில் இருந்ததால், அந்த முகவரியின் அமைப்பில் சேர்க்கும் டிஎன்எஸ் பதிவு வழியாக உரிமையை உறுதிசெய்து நானே உள்ளே போனேன். மறைத்த எழுத்து, கீவேர்டு திணிப்பு என்ற காரணம் காட்டிக் கூகுள் எங்கள் தளத்தின்மீது எடுத்த நடவடிக்கை குறித்த அறிவிப்பு அங்கே இரண்டு மாதமாகக் கிடந்தது. அந்த நிறுவனத்தார் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களிடமும் யாராவது வந்தால், பணம் பேசுவதற்கு முன் சர்ச் கன்சோல் உங்கள் மின்னஞ்சல் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். எந்தச் சொல்லைத் தேடி மக்கள் வந்தார்கள் என்று பதினாறு மாதக் கணக்கு அதிலேயே இருக்கிறது. எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தபோது, ‘சுங்குடி சாயம் போகுமா’, ‘கைமுடிச்சு சுங்குடி எப்படிக் கண்டுபிடிப்பது’ என்றெல்லாம் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். நாற்பது கட்டுரையில் ஒன்றுகூட அவற்றுக்குப் பதில் சொல்லவில்லை. நாம் சேலை என்கிறோம், சென்னையில் புடவை என்கிறார்கள், பலர் ஆங்கில எழுத்தில் சாரி என்று தட்டுகிறார்கள். வாங்குகிறவர் வாயில் வருகிற இந்தச் சொற்கள்தான் உண்மையான கீவேர்டு. தலைப்பில் ஒருமுறை, முதல் பத்தியில் ஒருமுறை, பிறகு பேச்சில் வருவதுபோல் தேவையான இடத்தில் வந்தால் போதும்.

முப்பத்தெட்டுக் கட்டுரைகளை நீக்கினோம், மீதி இரண்டைத் திருத்தினோம், வெள்ளை எழுத்தை அழித்தோம், கூகுளிடம் மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். முதல்முறை மறுத்தார்கள், ஏனெனில் வேறொரு பக்கத்திலும் அதே ஊர்ப் பட்டியல் ஒளிந்திருந்தது. இரண்டாம் முறை நடவடிக்கையை விலக்கிக்கொண்டார்கள். நிறுவனத்துக்குக் கொடுத்த 72,000 ரூபாயில் ஒரு காசும் திரும்பவில்லை.

இப்போது அப்பா சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன். முதலில் எழுதியது கைமுடிச்சைக் கண்டுபிடிப்பது பற்றி: கைமுடிச்சில் புள்ளிகள் அச்சுப்போல ஒரே அளவாக இருக்காது, முடிச்சிட்ட இடத்தில் துணி லேசாகக் குவிந்து விரலுக்குத் தட்டுப்படும். அதைப் படித்துவிட்டுக் கோவையிலிருந்து அழைத்த ஓர் அம்மா, தன்னிடமுள்ள சேலையைத் தடவிக்கொண்டே அப்பாவிடம் அரைமணி நேரம் பேசினார்.