கந்தராஜ் செடி: பூவுக்கு முழு மதிப்பெண், விற்ற விதத்துக்கு இல்லை

சென்னைப் புறநகர் நர்சரி ஒன்றில் சென்ற ஆடி மாதம் 280 ரூபாய்க்கு ஒரு கார்டீனியா செடி வாங்கினேன். விற்றவர் அதை ‘அடுக்கு நந்தியாவட்டை’ என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டும் வெவ்வேறு செடிகள். நந்தியாவட்டை அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதன் இலையைக் கிள்ளினால் பால் வடியும்; கார்டீனியா காப்பிச் செடியின் உறவு, அதில் பால் வராது. வட இந்தியர்கள் இதைக் கந்தராஜ் என்கிறார்கள், வாசனைக்கு அரசன் என்ற பொருளில். கார்டீனியா என்ற பெயரைத் தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். அது 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவரின் நினைவாக வைக்கப்பட்டது.

வாங்கும்போது இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னின, நான்கு மொட்டுகளும் இருந்தன. பத்தே நாளில் மொட்டுகள் அனைத்தும் உதிர்ந்தன. இடம் மாறினால் மொட்டு உதிர்ப்பது இச்செடியின் சுபாவம் என்பதால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த மாதமே தளிர் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றதற்கு நர்சரியும் பொறுப்பு. கார்டீனியாவுக்கு, புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு 5 முதல் 6 வரை உள்ள புளிப்பான மண் வேண்டும். காரத்தன்மை ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. எங்கள் போர் தண்ணீரின் உப்பு போதாதென்று, பையைப் பிரித்தபோது வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டையும் இருந்தது. இதைப் பற்றி விற்பவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

களிமண்ணை மெதுவாகக் கரைத்தெடுத்து, தேங்காய் நார்த்தூள், இலைமக்கு, சிறிது மணல் கலந்த தொட்டிக்குச் செடியை மாற்றி, வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்புச் சத்தான இரும்புச் செலேட் கொடுத்து, இயன்றவரை சேமித்த மழைநீரையே ஊற்றினேன். காலை வெயில் படும், மதிய வெயில் படாத கிழக்கு மாடம் அதற்குப் பிடித்துவிட்டது. மாவுப்பூச்சி ஒருமுறை வந்து, வேப்பெண்ணெய்க் கரைசலில் அடங்கியது.

பங்குனியில் முதல் பூ விரிந்தது. மல்லிகையைவிடக் கனமான, சற்றே வெண்ணெய் கலந்தாற்போன்ற மணம். மாலையில் கதவைத் திறந்தால் கூடம் வரை வருகிறது. வெண்மை இரண்டு மூன்று நாளில் பழுப்பு மஞ்சளாகிவிடும், தொட்ட இடம் கறுத்தும் போகும், ஆகவே சரம் தொடுக்க இது உதவாது. மேலை நாடுகளில் இப்பூ தூய்மைக்கும் வெளியே சொல்லாத காதலுக்கும் அடையாளம். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே இதைக் கூந்தலில் சூடியே மேடையேறினார். ஜப்பானியர்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பிடித்தது: ‘குச்சினாஷி’, அதாவது வாயில்லாதது. பழுத்தாலும் காய் வெடித்து வாய் திறக்காததால் அப்பெயர் வந்தது என்பார்கள். குங்குமப்பூவில் உள்ள அதே குரோசின் நிறமி அந்தக் காயிலும் இருப்பதால் அங்கே உணவுக்கு மஞ்சள் நிறம் ஏற்ற அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் கிடைக்கும் அடுக்குப் பூ வகை பெரும்பாலும் காய்ப்பதில்லை.

செடிக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், நர்சரிக்கு இரண்டு. அங்கு விலை நியாயம் என்பதால் மறுபடியும் போவேன், ஆனால் இலையைக் கிள்ளிப் பார்த்து, மொட்டில்லாத இளஞ்செடியாக எடுத்து, வீட்டுக்கு வந்த வாரத்திலேயே மண்ணை மாற்றிவிடுவேன்.