என் இடது கை இரண்டாம் நபர் ஆன கதை (ஒரு பி.பி. மெஷினோடு நாலு வருடம்)

போன வாரம் டியூப் பட்டையோடு சேரும் இடத்தில் காற்று கசிந்து, மெஷின் எரர் காட்டியது. புதுப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது நண்பன் போன் செய்தான். "உன்கிட்ட இருக்கிற மாடலையே வாங்கலாமா?"

நல்ல மெஷின்தான். நாலு வருடமாகத் தினமும் இதன் 'உர்ர்' சத்தத்தோடுதான் எனக்கு விடிகிறது. டாக்டரின் பாதரசக் கருவியோடு ஒப்பிட்டபோது 3 புள்ளிதான் வித்தியாசம்.

அட்டைப்பெட்டிப் படத்தில் இருந்தபடி முதல் வருடம் முழுக்க இடது கையில்தான் பார்த்தேன். ஒருநாள் அந்தக் கையில் ஊசி போட்ட வலி. வலது கையில் கட்டினேன். 142. இடதில் 128. மெஷின் போச்சு என்றே நினைத்தேன். டாக்டர் சிரித்தார். முதலில் கட்டும் கையில் பதற்றத்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதனால் ஒருநாள் வலதில், மறுநாள் இடதில் என்று மாற்றி ஆரம்பிக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து ஒரு வாரம் பார்த்தேன். எப்படி ஆரம்பித்தாலும் வலதுதான் மேலே. மேல் அளவில் 10 வரை பலருக்கும் வித்தியாசம் இருக்குமாம். அதைத் தாண்டி நிலையாக நின்றால் கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் இனி வலது கைதான் கணக்கு என்றார், மாத்திரையும் கூடியது. ஒரு வருடம் சும்மா சந்தோஷப்பட்டிருக்கிறேன்!

என் கோபம் வேறு. 60 ரீடிங்கை நினைவில் வைக்கும் இந்த மெஷினுக்கு அது எந்தக் கை என்று மட்டும் தெரியாது. வலது 142, இடது 128, மறுபடி வலது 141 என்று பார்த்தால், சராசரி 137 என்கிறது. அப்படி ஒரு கை எனக்குக் கிடையவே கிடையாது. சரி, இரண்டு பேருக்கான பட்டன் இருக்கிறதே என்று இடது கையை 'இரண்டாம் நபர்' ஆக்கினேன். பத்தே நாளில் மனைவி அதில் தன் பிரஷரைப் பார்த்துவிட்டாள். இப்போது பழைய டைரியில் வ, இ என்று இரண்டு பத்தி போட்டு எழுதுகிறேன். மெமரிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தேன்?

"வாங்காதே" என்றேன்.

"அப்புறம் நீ எதுக்குடா புதுப் பட்டை போடறே?"

அது வேறு விஷயம்.