ஏ.பி. சுற்றுச்சூழல் அறிவியல்: பெயரளவில்தான் எளிது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு நடத்தும் ஏ.பி. பாடங்களிலேயே (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) எளிதானது என்று பெயரெடுத்திருப்பது சுற்றுச்சூழல் அறிவியல். என் மகள் அதைப் படித்த ஆண்டில் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பெயரை நம்பிச் சேர வேண்டாம் என்பேன். 2023ஆம் ஆண்டுத் தேர்வில் உச்ச மதிப்பான 5ஐப் பெற்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

பாடப்பொருள் கடினமன்று, பரப்பு பெரிது. சூழல் மண்டலத்தில் தொடங்கி மக்கள்தொகை, மண், எரிசக்தி, மாசு வழியாகப் புவி வெப்பமடைதல் வரை ஒன்பது அலகுகள் உள்ளன. 80 கொள்குறி வினாக்களுக்கு 90 நிமிடம் போதுமானதே. பிள்ளைகள் சறுக்குவது, 70 நிமிடத்தில் எழுத வேண்டிய, மொத்த மதிப்பில் 40 விழுக்காட்டைக் கொண்ட மூன்று விரிவான வினாக்களில்தான். வாகனப் புகைபோக்கியில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியின் (catalytic converter) பயனைக் கேட்டால் 'காற்று மாசு குறையும்' என்று எழுதுவது போதாது. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜன் வாயுவாக மாற்றப்படுவதால் ஒளிவேதிப் பனிப்புகை (வெயிலில் மாசுகள் வினைபுரிந்து உருவாகும் புகைமூட்டம்) குறைகிறது என்று காரணத் தொடரை முழுமையாகக் காட்ட வேண்டும். கணக்கிலும் இதே கறார்தான். 60 வாட் பல்புக்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால், ஓராண்டில் ஏறத்தாழ 93 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். விடை சரியாக இருந்தாலும், வழிமுறையை வாட், மணி போன்ற அளவீட்டு அலகுகளோடு எழுதிக் காட்டாதவருக்கு அதற்குரிய மதிப்பெண் போய்விடும். என் பார்வையில் இந்தப் பாடத்தின் ஆகச் சிறந்த அம்சம் இந்தக் கண்டிப்புதான்.

குறை என்றால், தரம் பள்ளிக்குப் பள்ளி மாறுவதைச் சொல்ல வேண்டும். வகுப்பு நேரத்தில் குறைந்தது 25 விழுக்காடு ஆய்வகத்துக்கும் களப்பணிக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம் பருவங்களை எண்ணி நீரின் தூய்மையை மதிப்பிடும் மாணவரும், அதையே கணினித் திரையில் சொடுக்கி முடிக்கும் மாணவரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், ஆனால் கற்பது ஒன்றன்று. எனவே சேர்வதற்கு முன் களப்பணி எப்படி நடக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

உயிரியலும், வேதியியல் போன்ற ஓர் இயற்பொருள் அறிவியலும், ஓராண்டு இயற்கணிதமும் முடித்தவர்கள் சேரலாம். பொறியியலுக்குப் போக நினைப்பவர்கள், இதற்குக் கிரெடிட் (கல்லூரிப் படிப்பில் கணக்கிடப்படும் பாட மதிப்பு) தருவார்களா என்பதை அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. பலருக்கு அது பொதுப்பாடக் கணக்கில் மட்டுமே சேர்கிறது.