புறப்புண் பட்டவனை என்ன செய்வது? ஸ்டார் ட்ரெக் அட்வென்ச்சர்ஸ்: பெங்களூர்த் தமிழ் மேசைக்கு ஒரு மதிப்புரை

விண்கப்பல் விளையாட்டுதானே, சுட்டுத் தள்ளலாம் என்று எண்ணி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். சண்டைக்கு இதைவிட விறுவிறுப்பான விதிநூல்கள் உண்டு. ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரை வைத்து மோடிஃபியஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்த ரோல்பிளேயிங் கேமின் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் மேசை விளையாட்டு) உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்நியக் கோளில் ஒரு மக்கள் கூட்டம் தங்கள் வழக்கப்படி ஒருவனைக் களத்தில் இறக்குகிறது. அதைத் தடுப்பதா, தலையிடாமல் நிற்பதா என்று கப்பல்காரர்களே இரண்டாகப் பிரிகிறார்கள். அந்தப் பிளவைப் பேச்சோடு விட்டுவிடாமல் பகடைக்குள் கொண்டுவருவதில் இதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

அடிப்படை எளிது. ஆறு அட்ரிப்யூட் (ஆளின் இயல்பு), ஆறு டிசிப்ளின் (பயின்ற துறை). செய்யும் காரியத்துக்கு ஏற்ப இரண்டிலும் ஒன்றை எடுத்துக் கூட்டினால் இலக்கு எண். இரண்டு 20 முகப் பகடையை உருட்டி, இலக்குக்குச் சமமாகவோ கீழாகவோ விழுந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெற்றி. 1 விழுந்தால் இரண்டு வெற்றி. 20 விழுந்தால் காம்ப்ளிகேஷன், அதாவது ஏதோ ஒன்று கோணலாகும். பிரசென்ஸ் என்ற அட்ரிப்யூட் 10, கமாண்ட் என்ற டிசிப்ளின் 4 உள்ள கேப்டன் கடினம் 2 உள்ள, அதாவது இரண்டு வெற்றி தேவைப்படும் பேச்சுவார்த்தையில் இறங்கினால், ஃபோகஸ் எனும் தனித்தேர்ச்சி எதுவும் உதவாதபோது, வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 52. மூன்றாவது பகடை சேர்த்தால் ஏறத்தாழ 80. அந்தப் பகடையை மேசையின் பொதுச் சேமிப்பான மொமெண்டத்தில் ஒரு புள்ளி கொடுத்து வாங்கலாம். அது தீர்ந்திருந்தால், கதையை நடத்தும் ஜிஎம் (கேம் மாஸ்டர்) கையில் ஒரு த்ரெட் புள்ளியைக் கொடுத்து வாங்கலாம்; பின்னால் அதை அவர் உங்களுக்கு எதிராகச் செலவழிப்பார். பகடை கூடக்கூட 20 விழும் வாய்ப்பும் கூடும்: இரண்டில் நூற்றுக்கு 10-க்குச் சற்றுக் குறைவு, ஐந்தில் 22-க்கு மேல். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொட்டுகிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

கொல்லும் நோக்கத்தோடு தாக்கினால் ஜிஎம்முக்கு ஒரு த்ரெட் போகிறது. சின்ன விதிதான், ஆனால் களச் சண்டை வழக்கத்தை வைத்துக் கதை கட்டும்போது இதுதான் அச்சாணி. ‘எங்கள் மண்ணில் கொல்லாமல் விடுவது அவமதிப்பு’ என்று எதிராளி சொல்லும்போது, ஆட்டக்காரர் தன் அறத்தையும் த்ரெட்டையும் ஒரே கையில் எடை போட வேண்டியிருக்கும்.

இனி வேல்யூ, அதாவது கதாபாத்திரம் நம்பும் கொள்கை. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் நான்கு வாசகங்கள். மருத்துவரின் தாளில் ‘உயிர் போவதைக் கைகட்டிப் பார்க்க மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை முழுவதற்கும் பொதுவான டைரக்டிவ் (மேலிடக் கட்டளை) ஒன்றும் உண்டு: பிற நாகரிகத்தின் இயல்பான வளர்ச்சியில் தலையிடாதே. வாசகம் துணை நின்றால் டிடர்மினேஷன் புள்ளியைச் செலவழித்து ஒரு பகடையை உருட்டாமலே 1 என்று வைக்கலாம். வாசகம் குறுக்கே நின்றால் ஜிஎம் ஒரு டிடர்மினேஷன் புள்ளிக்கான வில்லையை மேசை நடுவில் வைத்து, ‘இதை எடுத்துக்கொள், ஆனால் உன் வாசகத்தால் இப்போது ஒரு சிக்கல் வரும்’ என்று கேட்பார். எடுத்தால், அடிபட்டவனை நோக்கி மருத்துவரின் கால் தானாக நகர்கிறது, காவலர்கள் ஈட்டியைத் திருப்புகிறார்கள். எடுக்காவிட்டால் அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அந்தச் சிறிய வில்லையைப் பார்த்தபடி ஆட்டக்காரர் மௌனமாக இருக்கும் அரை நிமிடத்துக்காகவே இதை வாங்கலாம். வாசகத்தையே மீறி நடந்தாலும் புள்ளி கிடைக்கும், ஆனால் அதைத் தாளில் அடித்துவிட்டு, மிஷன் முடிந்ததும் வேறாக எழுத வேண்டும். டைரக்டிவை மீறினால் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வழக்கத்தை எப்படி உருவாக்குவது என்பதில்தான் பல ஜிஎம்கள் தவறுகிறார்கள். ‘காட்டுமிராண்டிகள், ரத்தம் கேட்கிறார்கள்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் விவாதமே எழாது, எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். நான்கு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: யார் களத்தில் இறங்கலாம், எப்போது சண்டை முடிகிறது, தோற்றவனுக்கு என்ன ஆகிறது, இந்த வழக்கம் எதைத் தடுக்கப் பிறந்தது. தமிழ் மேசைக்கு இதற்கான சரக்கு வீட்டிலேயே இருக்கிறது. புறநானூற்றின் 9-ஆம் பாட்டில் அம்பு விடுமுன் பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், புதல்வரைப் பெறாதவர் ஆகியோரை அரண் தேடிப் போகச் சொல்லும் போர் அறம் வருகிறது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேர மன்னன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல், உயிர் விடுகிறான். 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனிடமே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். வடக்கிருப்பவனை அப்படியே ஒரு அந்நியக் கோளில் வைத்துப் பாருங்கள். அவன் கைதியல்ல, பைத்தியமல்ல, காப்பாற்றும்படி யாரையும் கேட்கவுமில்லை. கப்பலின் மருத்துவர் என்ன செய்வார்?

அந்த ஊரிலேயே வழக்கத்தை வெறுக்கும் ஒருவரையும் கட்டாயம் வையுங்கள். ஒரு சமூகம் முழுவதும் ஒரே குரலில் பேசினால் அது அட்டைப் பொம்மை. மேசையில் கன்னட நண்பர் இருந்தால் நடுகல், வீரகல்லு பற்றிய பேச்சு தானாக வரும். பெங்களூர் என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டே, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த பேகூர்க் கல்வெட்டு, போரில் இறந்தவனைப் பற்றியதுதான்.

அடுத்த தவறு, ஆளை நொடியில் வேறிடம் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவியைக் கையாள்வதில். ‘ஆளைக் கப்பலுக்குத் தூக்கிவிடலாம்’ என்று பத்தாவது நிமிடமே ஒருவர் சொல்வார். புயல் வீசுகிறது, கருவி வேலை செய்யாது என்று தடுக்காதீர்கள், ஆட்டக்காரர்கள் சலித்துப்போவார்கள். கருவி வேலை செய்யட்டும். தூக்கினால் அது களத்தை விட்டு ஓடியதாகக் கருதப்படும், அவன் குலம் ஆற்றுநீர் உரிமையை இழக்கும் என்று முதல் காட்சியிலேயே சொல்லி வையுங்கள். அந்த வழக்கத்தை டிரெய்ட் (காட்சியின் நிலைமையைச் சொல்லும் குறிப்பு) என்று ஒரு சீட்டில் எழுதி நடுவில் வைத்தால், களத்துக்குள் மூன்றாமவர் நுழைந்தபின் நடக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் கடினம் ஒன்று கூடும். பேச்சுக்கு விதிநூல் தரும் நான்கு கருவிகள்: ஏமாற்று, ஆதாரம், மிரட்டல், பேரம். ஊர்ச் சட்டத்தையே ஆதாரமாகக் காட்டி வாதிடும் குழுவுக்குக் கடினத்தைக் குறையுங்கள்.

ஒருவர் களத்தில் சண்டையிடும்போது மற்ற நால்வரும் போனைப் பார்ப்பது இன்னொரு சிக்கல். கப்பலின் பருமனைக் குறிக்கும் ஸ்கேல் எண் அளவுக்குத் துணைக் கதாபாத்திரங்களை இறக்கலாம் என்ற விதி இதற்கு மருந்து. கூட்டத்தில் நிற்கும் இளம் அதிகாரியை ஒருவர், கப்பலில் சென்சார் பார்ப்பவரை இன்னொருவர் எடுக்கட்டும்.

உண்ணாமல் உயிர் விடுவது போன்ற காட்சி யாருக்காவது உறுத்தலாம். தொடங்கும் முன் பத்து நிமிடம் பேசிவிட்டு, நடுவில் ஒரு எக்ஸ் கார்டு வையுங்கள். யார் தொட்டாலும் காட்சி நகரும், காரணம் கேட்கக் கூடாது.

ஜிஎம் ஒருவர், ஆட்டக்காரர் நான்கைந்து பேர், நான்கு மணி நேரம் என்பதே சரியான அளவு. இந்திராநகர், கோரமங்களா பக்கத்து போர்டு கேம் கஃபேக்களில் வார இறுதி மாலை இரைச்சல் அதிகம். இந்த விளையாட்டில் பேச்சுதான் எல்லாம் என்பதால் காலை நேரமோ, அல்சூரிலோ வேறெங்கோ ஒரு நண்பர் வீட்டுக் கூடமோ மேல். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவருக்காகக் காத்திருந்து ஒரு மணி நேரத்தை இழந்தால் களக் காட்சிதான் அடிபடும். அதனால் கேரக்டர் ஷீட்டை முதல் நாளே முடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு 20 முகப் பகடை, பொதுவில் மூன்று. மொமெண்டம் ஆறுக்கு மேல் சேராது, கேரம் காய் ஆறு போதும். த்ரெட்டுக்குப் புளியங்கொட்டை ஒரு கிண்ணம். ஆட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு வீதம் ஜிஎம் தொடங்குகிறார்.

முதல் பதிப்பின் பெரிய குறை, கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து. கப்பல் திரை போல அழகுதான், ஆனால் அரை மணி நேரத்தில் கண் எரியும், அச்சடித்தால் மை குடிக்கும். விதிகளும் அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன. 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பு காயக் கணக்குக்கான ஆறுமுக சேலஞ்ச் பகடையை எடுத்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதற்கே போகலாம். முதல் பதிப்பை வைத்திருப்பவர் சாதாரணப் பகடையிலேயே ஓட்டலாம்: 1, 2 அப்படியே, 3, 4 பூஜ்யம், 5, 6 என்றால் ஒன்றும் ஒரு எஃபெக்டும் (ஆயுதத்தின் சிறப்பு விளைவு). போர் வழக்கத்தை வெளியிலிருந்து பார்த்தது போதும், அந்த வீரர்களாகவே ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தால் கிளிங்கன் எனும் போர்வீர இனத்துக்காக 2020-இல் வந்த விதிநூல் இருக்கிறது. எதை வாங்கும் முன்னும் இலவச குவிக்ஸ்டார்ட் பிடிஎஃபை இறக்கி ஒரு ஞாயிறு ஆடிப் பாருங்கள்.