கெசியோ எஃப்எக்ஸ்-82 எம்எஸ்: இடைக்குக் கெட்டி, இடையத்துக்குக் கைவிரிப்பு

புள்ளிவிபரம் படிக்கிற பிள்ளைக்குக் கல்குலேற்றர் தேடுகிறவர்கள் இந்த மொடலைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் இது எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்து வாங்குங்கள்.

மட்டக்களப்பு வாவியில் ஒரு தோணிக்கு ஏழு நாளில் பட்ட இறால், கிலோவில் 3, 4, 4, 5, 6, 7, 27 என்று வைத்துக்கொள்வோம். மோட் அழுத்தி 2. திரையில் எஸ்டி (புள்ளிவிபர முறை) விழும். அடுத்து ஷிப்ட், சிஎல்ஆர், 1, சமன். இதைத் தவறவிட்டால் முந்தின கணக்கின் தரவுகளும் சேர்ந்துகொள்ளும். பிழையான விடை வர இதுவும் ஒரு காரணம். பிறகு ஒவ்வொரு எண்ணாக அடித்து டிடி, அதாவது எம் பிளஸ் பொத்தான். அதை இரண்டு தரம் அழுத்தினால் அதே எண் இரண்டு முறை பதியும். ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனையாவது என்று திரை காட்டும். கடைசியில் 7 நிற்காவிட்டால் எங்கேயோ பிசகு. மேல் அம்புக்குறியால் பிழையான எண்ணுக்குப் போய், சரியானதை அடித்து, சமனை அழுத்துங்கள். அங்கே டிடி அழுத்தினால் திருத்தம் நடக்காது, புதுத் தரவாகச் சேரும்.

ஷிப்ட், 2 அழுத்தினால் மூன்று தெரிவுகள் வரும். 1 இடை (சராசரி): 8. 2 நியம விலகல் (எண்கள் இடையிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), எண்ணிக்கையால் வகுத்தது: 7.86. 3 அதே விலகல், எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தது: 8.49. அந்த ஏழு நாள்தான் முழுத் தரவு என்றால் 2. பருவம் முழுவதற்கும் அது ஒரு மாதிரி என்றால் 3. பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான், பொத்தான் பக்கத்தில் எந்த விளக்கமும் கிடையாது.

இனிக் குறை. ஏழில் ஆறு நாள் 8 கிலோவுக்குக் குறைவாகப் பட்டிருக்க, இடை 8 என்கிறது. 27 பட்ட ஒரு நாள் இழுத்த இழுப்பு அது. அந்த நாளை எடுத்துவிட்டால் இடை 4.83, மூன்றாம் தெரிவின் விலகல் 1.47. இடையமோ, அதாவது வரிசையின் நடு எண், 5இலிருந்து 4.5க்குத்தான் நகரும். அந்த இடையத்தை இந்தக் கணிப்பான் தராது. ஆகாரமும் (அதிக தரம் வரும் எண்) காலணைகளும் (வரிசையை நாலாகப் பிரிக்கும் எண்கள்) அப்படியே. எண்களை ஏறுவரிசையில் எழுதி நடுவை நீங்களே பார்க்க வேண்டும். வீச்சு 24 (வலைவீச்சு இல்லை, பெரியதில் சிறியதைக் கழித்தது) அதுவும் கையால்தான். கெசியோவின் கிளாஸ்விஸ் வரிசையின் 991 இஎக்ஸ் இடையத்தையும் காலணைகளையும் ஒரே பட்டியலில் காட்டும். வணிகப் புள்ளிவிபரத்துக்கு மேலே போகிறவர்களுக்கு அதன் கூடுதல் விலை தகும்.

போலிகளும் உலவுவதால் காசு கொடுக்குமுன் கடையிலேயே இந்த ஏழு எண்களையும் போட்டுப் பாருங்கள். மூன்றாம் தெரிவின் விடையை அப்படியே வர்க்கித்தால் 72 வர வேண்டும்.