ரெடக்ஸிலிருந்து ஸுஸ்டாண்டுக்கு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிபவை

ரியாக்ட் நூலகத்தில் எழுதும் இணையச் செயலிகளில், பல பகுதிகள் பகிரும் தரவை (ஸ்டேட்) ஒரே இடத்தில் (ஸ்டோர்) வைக்க உதவும் நிரல் நூலகங்கள் ரெடக்ஸும் ஸுஸ்டாண்டும். ரெடக்ஸை எடுத்துவிட்டு ஸுஸ்டாண்ட் போட்டால் நிரல் பாதியாகக் குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் அந்தப் பெருமை முழுக்க ஸுஸ்டாண்டுக்குச் சேராது. பழைய ஸ்டோரைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சர்வர் தரவின் நகல்தான் அடைந்து கிடக்கும்: பட்டியல்கள், விவரப் பக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் லோடிங், எரர் என்று ஒரு ஜோடி. முதலில் இதை, சர்வர் தரவைக் கொண்டுவந்து சேமித்துவைக்கும் டேன்ஸ்டாக் குவெரி நூலகத்துக்கு நகர்த்த வேண்டும். ஃபில்டர், பக்க எண் இரண்டும் யூஆர்எல்லில் இருக்கட்டும். மிஞ்சுவது தீம், சைட்பார், பாதியில் நிற்கும் படிவம், இவ்வளவுதான். இதைச் செய்யாமல், அடுத்த ஸ்டேட்டைக் கணக்கிடும் ரெடக்ஸ் ஃபங்ஷன்களான ரெட்யூசர்களை அப்படியே ஸுஸ்டாண்டில் திருப்பி எழுதினால் பழைய சிக்கல் புதுப் பெயரில் தொடரும்.

குவெரியில் ஸ்டேல்டைம், அதாவது வந்த தரவைப் புதியதாகவே கருதும் நேரம், இயல்பாக 0. அதனால் வேறு டேப்புக்குப் போய்த் திரும்பினாலே மறுபடி கோரிக்கை போகும். அடிக்கடி மாறாத தரவுக்கு 300000 மில்லிவினாடி (5 நிமிடம்) வைத்தால் அடங்கிவிடும்.

ஸுஸ்டாண்டில் அதிகம் கடிப்பது செலக்டர், அதாவது ஸ்டோரிலிருந்து தேவையானதை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன். செலக்டரே தராமல், ஸ்டோரைப் படிக்கும் ஹூக்கை அழைத்தால் ஸ்டோரில் எது மாறினாலும் அந்தக் கம்போனென்ட் (திரையின் ஒரு பகுதி) மறுபடி ரெண்டர் ஆகும். செலக்டருக்குள் புது ஆப்ஜெக்ட் கட்டித் திருப்பினால் 4-ஆம் பதிப்பில் வீண் ரெண்டரோடு தப்பிக்கலாம்; 2024-இல் வந்த 5-இல் முடிவில்லாச் சுழற்சியில் சிக்கி ரியாக்ட் எரர் வீசும். ஒவ்வொரு முறையும் புது ரெஃபரன்ஸ் கிடைப்பதால், மதிப்பு மாறிவிட்டது என்றே ரியாக்ட் எடுத்துக்கொள்கிறது. பழையதையும் புதியதையும் மேல்நிலை மதிப்புகளை வைத்து ஒப்பிடும் யூஸ்ஷாலோ போட்டால் தீரும். ஆனால் மேப் செய்து உள்ளேயும் புது ஆப்ஜெக்ட்கள் உருவாக்கினால் அதுவும் உதவாது; மூல அரேயை மட்டும் எடுத்து, கணக்கை, முந்தைய விடையை நினைவில் வைக்கும் யூஸ்மெமோவில் செய்ய வேண்டும். மதிப்பு இல்லாதபோது காலி அரே திருப்பும் செலக்டரும் இதே வகைதான், கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். அந்தக் காலி அரேயை ஃபைலின் மேலே ஒரு மாறிலியாக வைத்துவிடுங்கள்.

ஸ்டேட்டை மாற்றும் செட் ஃபங்ஷன், புதியதைப் பழையதோடு ஒரு நிலை மட்டுமே இணைக்கும். உள்ளடுக்கை நீங்களே ஸ்ப்ரெட் செய்ய (பழையதை நகலெடுத்துச் சேர்க்க) வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் இம்மர் நூலகம். இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக ட்ரூ கொடுத்தால் முழு ஸ்டேட்டும் மாற்றப்படும். அதோடு, ஸ்டோரிலேயே இருக்கும் ஃபங்ஷன்களான ஆக்‌ஷன்களும் காணாமல் போகும்.

ஸ்டேட்டை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்கும் பெர்சிஸ்ட் வசதியானது, ஆனால் நம்பி விடக்கூடாது. செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட்டுக்குள் புது கீ சேர்த்து, பெர்சிஸ்ட்டின் வெர்ஷன் எண்ணை உயர்த்தாமல் வெளியிட்டால், லோக்கல் ஸ்டோரேஜில் உள்ள பழைய ஆப்ஜெக்ட் புதியதை முழுசாக மூடிவிடும். பழைய பயனருக்கு மட்டும் அந்தக் கீ அன்டிஃபைன்ட். டெவலப்பர் கணினியில் ஸ்டோரேஜ் காலியாக இருந்தால் பிழை தெரியவே தெரியாது. வெர்ஷனோடு, பழைய தரவைப் புது வடிவுக்கு மாற்றும் மைக்ரேட்டும் எழுதுங்கள். மைக்ரேட் இல்லாமல் வெர்ஷனை மட்டும் உயர்த்தினால் சேமித்தது கழித்துக் கட்டப்படும். பார்ஷியலைஸ் மூலம் தேவையானதை மட்டும் சேமிப்பது நல்லது. உள்நுழைவு டோக்கன் அங்கே போகவே கூடாது.

பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கும் சர்வர் ரெண்டரிங் இருந்தால், மாட்யூல் அளவில் உருவாக்கிய ஒரே ஸ்டோரை எல்லாக் கோரிக்கைகளும் பகிரும். ஒருவர் தரவு இன்னொருவருக்குக் கசியும் அபாயம் இது. கோரிக்கைக்கு ஒரு ஸ்டோர் உருவாக்கி ரியாக்ட்டின் கான்டெக்ஸ்ட் (கம்போனென்ட்களுக்குத் தரவைக் கடத்தும் வசதி) வழியே கொடுக்க வேண்டும். அப்படிக் கடத்தும் புரொவைடரே வேண்டாம் என்ற ஸுஸ்டாண்டின் கவர்ச்சி இங்கே செல்லாது.

எந்த ஆக்‌ஷன் எதை மாற்றியது என்று தடம் பிடிப்பதில் ரெடக்ஸின் அதிகாரப்பூர்வத் தொகுப்பான ரெடக்ஸ் டூல்கிட் இன்னும் ஒரு படி மேல். மாற்றங்களின் பதிவைக் காட்டும் ஸுஸ்டாண்டின் டெவ்டூல்ஸில், பெயர் தராதவை 'அனானிமஸ்' என்று வரக்கூடும். செட்டின் மூன்றாவது ஆர்க்யுமென்ட்டில் பெயர் கொடுத்தால் பதிவைப் படிப்பது எளிது.